ஊர்ப் பசங்களை வச்சே ஆடுறதா, ஸ்டாரை விலைக்கு வாங்குறதா?

2024 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான ஃபுட்பால் கோப்பை) ஃபைனல் பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், இங்கிலாந்துக்கு எதிரா ஸ்பெயின் அடிச்சது ரெண்டே கோல். முதல் கோல் நிக்கோ வில்லியம்ஸ், 86-வது நிமிஷத்துல வந்த ரெண்டாவது கோல் ஒயார்சபால். நிக்கோ அப்போ பில்பாவோவுல இருக்குற அத்லெட்டிக் கிளப்ல ஆடிட்டு இருந்தார், ஒயார்சபால் சான் செபாஸ்டியன்ல இருக்குற ரியல் சோசியடாட். ரெண்டும் ஸ்பெயினோட வடக்கு ஓரத்துல இருக்குற பாஸ்க் பகுதி கிளப், ரெண்டும் பக்கத்து பக்கத்து ஊரு, ரெண்டும் ஒரு காலத்துல "நம்ம மண்ணுல வளர்ந்தவன் மட்டும்தான் நம்ம ஜெர்சி போடணும்"னு இருந்தவங்க. அதுல ஒருத்தர் அந்தக் கதவை இன்னிக்கும் பூட்டியே வச்சிருக்காங்க, இன்னொருத்தர் 1989-லயே திறந்துட்டாங்க. ஒரே மாதிரி ஊரு, ஒரே மாதிரி ஜனம், எடுத்த முடிவு மட்டும் வேற, அதனால ஊர் அடையாளமா பெரிய பிளேயரான்னு யோசிக்கிற எந்த கிளப்பும் முதல்ல இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குறது நல்லது.

அத்லெட்டிக்ல இருந்து ஆரம்பிக்கிறேன். 1898-ல தொடங்கின கிளப், 1912 வாக்குல இருந்து உள்ளூர்ப் பசங்க மட்டும்தான். ஸ்பெயினோட முதல் டிவிஷனான லா லிகா 1929-ல ஆரம்பிச்சதுல இருந்து ஒரு தடவை கூட கீழ் டிவிஷனுக்கு இறங்காத கிளப் மூணே மூணு, ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அப்புறம் இவங்க. சும்மா 30 லட்சம் பேர் இருக்குற ஒரு பகுதியில இருந்து மட்டும் ஆள் எடுத்து இதைப் பண்ணிருக்காங்கன்றதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

ஆனா இந்த விதியை நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்குறாங்க, "பாஸ்க் ரத்தம் இருந்தாத்தான் ஆட முடியுமாமே"ன்னு. அப்படி இல்ல, அங்க பிறந்திருக்கணும், இல்லன்னா அங்க ஃபுட்பால் கத்து வளர்ந்திருக்கணும், அவ்வளவுதான். நிக்கோவோட அண்ணன் இனாக்கி வில்லியம்ஸ் இருக்காரே, அப்பா அம்மா கானாவுல இருந்து சகாரா பாலைவனத்தைத் தாண்டி வந்தவங்க, பையன் பில்பாவோல பிறந்தான், லா லிகால தொடர்ந்து 251 மேட்ச் ஒண்ணு விடாம ஆடி ரெக்கார்டு வச்சான், இப்போ கேப்டன். லபோர்ட் பிரான்ஸ்ல ஆஜான்ங்கிற ஊர்ல பிறந்தவர், சின்ன வயசுலயே பிரெஞ்சு பாஸ்க் பக்கம் பயோன்ல ஆடி, அங்கருந்து அத்லெட்டிக் அகாடமிக்கு வந்தவர். அவரும் "நம்ம பையன்"தான். அதாவது இவங்க பாக்குறது நீ யாரு பெத்த பிள்ளைன்னு இல்ல, எந்த கிரவுண்டுல வளர்ந்தன்னு. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏன்னா ஊர் அடையாளம்னு சொல்லிட்டு ஜாதகம் பாக்க ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்னு நமக்குத் தெரியும்.

இதுக்கு என்ன விலை குடுக்குறாங்க? 2018 ஜனவரியில மான்செஸ்டர் சிட்டி 6.5 கோடி யூரோ கட்டி லபோர்ட்டைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. அந்த இடத்துக்கு உடனே ஒரு சென்டர் பேக் (கோலுக்கு முன்னாடி நடுவுல நின்னு தடுக்கிறவர்) வேணும், உலகம் பூரா ஆயிரம் பேர் இருக்கான், ஆனா இவங்க வாங்கக்கூடியவன் எத்தனை பேரு, விரல் விட்டு எண்ணிடலாம். அதே வாரம் பக்கத்து ஊர் பரம எதிரி ரியல் சோசியடாட் கிட்ட 3.2 கோடி யூரோ கட்டி இனிகோ மார்டினெஸை எடுத்தாங்க. கடையில ஒரே ஒரு பொருள்தான் இருக்கு, வாங்க வர்றவனுக்கும் வேற கடை கிடையாதுன்னு விக்கிறவனுக்குத் தெரிஞ்சா பேரம் எப்படி நடக்கும்? அஞ்சு வருஷம் கழிச்சு அந்த இனிகோ காண்ட்ராக்ட் முடிஞ்சு ஒத்தப் பைசா வராம பார்சிலோனாவுக்குப் போயிட்டார்.

கோப்பைக் கணக்கும் அப்படித்தான். கடைசியா லீக் ஜெயிச்சது 1984. 2009-ல இருந்து ஸ்பெயினோட நாக்அவுட் கோப்பையான கோபா டெல் ரே ஃபைனல் அஞ்சு தோத்தாங்க, அதுல ரெண்டு 2021 ஏப்ரல்ல ரெண்டே வார இடைவெளியில, கொரோனாவால தள்ளிப்போன முந்தின வருஷ ஃபைனல் ஒண்ணு, அந்த வருஷ ஃபைனல் ஒண்ணு. ரசிகனா இருந்தா மனசு விட்டுப் போயிடும். அப்புறம் 2024 ஏப்ரல்ல மயோர்கா கூட ஃபைனல் பெனால்ட்டி வரைக்கும் போச்சு, பெரெங்கேர் கடைசி பெனால்ட்டியை அடிச்சதும் 40 வருஷம் கழிச்சு அந்தக் கோப்பை வந்துச்சு. ஊர்ல கபாரான்னு ஒரு பழைய சரக்குப் படகு, ஜெயிச்சா பிளேயர்ஸ் எல்லாரும் அதுல ஏறி ஆத்துல ஊர்வலம் வர்றது வழக்கம், 1984-க்கு அப்புறம் அந்தப் படகுல கோப்பை ஏறவே இல்ல. 2024-ல அது தண்ணியில இறங்கின அன்னிக்கு ஆத்தோட ரெண்டு கரையிலயும் பல லட்சம் பேர், தாத்தா பேரனைத் தோள்ல தூக்கி வச்சுட்டு நிக்கிறார், அந்த வீடியோவைப் பாத்துட்டு "வருஷத்துக்கு ஒரு கோப்பை ஜெயிக்கிறதை விட இது பெருசுடா"ன்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணுச்சு. ஒரு நிமிஷம்தான், ஏன்னா அந்த 40 வருஷத்துல கோப்பையையே பாக்காம செத்துப்போனவங்களும் இருக்காங்கல்ல.

சரி, பக்கத்து ஊருக்கு வருவோம். ரியல் சோசியடாட் 1981-லயும் 1982-லயும் முழுக்க முழுக்க பாஸ்க் பசங்களை வச்சே லீக் ஜெயிச்ச டீம். முதல் பட்டம் வந்த விதமே தனி, கடைசி மேட்ச், கிஹோன்ல கொட்டுற மழை, கிரவுண்டு முழுக்க சேறு, மேட்ச் முடியுற கடைசி நேரத்துல ஸமோரா அடிச்ச கோல்ல 2-2 டிரா, அந்த ஒரு பாயிண்ட்ல ரியல் மாட்ரிட்டோட சமமா நின்னு, ரெண்டு டீமும் நேருக்கு நேர் ஆடின மேட்ச் கணக்குல பட்டத்தை எடுத்துட்டாங்க. அப்படி இருந்தவங்க ஏன் மாறினாங்க? 1988-ல பக்கேரோ, பெகிரிஸ்தாய்ன், லோபெஸ் ரெகார்தேன்னு மூணு பேர் ஒரே மூச்சுல பார்சிலோனாவுக்குக் கிளம்பிட்டாங்க. பக்கத்துல அத்லெட்டிக் வேற, அவங்ககிட்ட காசு அதிகம், அதே குளத்துல அவங்களும் மீன் பிடிக்கிறாங்க. ஒரே குளம் ரெண்டு தூண்டில், அதுல சின்னத் தூண்டில் வச்சிருக்குறவன் என்ன பண்ணுவான், வேற குளத்தைத் தேடினான். 1989-ல லிவர்பூல்ல இருந்து ஜான் ஆல்ட்ரிட்ஜ் வந்தார். ஊர்ல எதிர்ப்பு இருக்கத்தான் செஞ்சுது, ஆனா மனுஷன் கோல் அடிக்க ஆரம்பிச்சதும் அடங்கிடுச்சு, எங்கயும் நடக்குறதுதானே.

இதுல வேடிக்கை என்னன்னா கதவைத் திறந்தாங்களே தவிர வெளிநாட்டுக்காரனுக்குத்தான் திறந்தாங்க. பாஸ்க் அல்லாத ஸ்பெயின்காரனை எடுக்க அதுக்கப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு! ஐரிஷ்காரன் வரலாம், மாட்ரிட்காரன் வரக்கூடாது. அடையாளம்ங்கிறது எப்பவும் நேர்க்கோடு போட்டா மாதிரி இருக்காது, யாரோட நமக்கு வரப்புச் சண்டையோ அங்கதான் வேலி உயரமா இருக்கும்.

இப்போ அவங்க டீமைப் பாருங்க. முதுகெலும்பு அவங்களோட சொந்த சுபியேட்டா அகாடமி பசங்க, இல்லாத இடத்துக்கு மட்டும் வெளியாளு. மேல சொன்ன அந்தத் தள்ளிப்போன ஃபைனல்ல 2021 ஏப்ரல்ல அத்லெட்டிக்கை 1-0ன்னு ஜெயிச்சது இவங்கதான், பெனால்ட்டி அடிச்சது ஊர்ப் பையன் ஒயார்சபால், ஆனா கூட ஆடினது ஸ்வீடன்காரர் இசாக், கேனரி தீவுக்காரர் டேவிட் சில்வா. என் கண்ணுக்கு இதுதான் இந்த ரெண்டு பாதைக்கும் நடுவுல நடந்த நேரடிப் பரீட்சை. ஒரே ஒரு மேட்ச்சை வச்சு தீர்ப்பு சொல்லக்கூடாதுதான், இருந்தாலும் சொல்லத் தோணுது.

ஆனா திறந்த கதவு வழியா ஆள் வெளியவும் போவான். இசாக் 2022-ல நியூகாசிலுக்கு, மெரினோ 2024-ல ஆர்சனலுக்கு, அகாடமியிலயே வளர்ந்த சுபிமெண்டி 2025-ல அதே ஆர்சனலுக்கு. மறுபக்கம் நிக்கோ வில்லியம்ஸ் 2025 கோடையில பார்சிலோனாவுக்குப் போறது கிட்டத்தட்ட உறுதின்னு ஊரே பேசிட்டு இருந்தப்போ 2035 வரைக்கும் அத்லெட்டிக்லயே கையெழுத்துப் போட்டுட்டார். அண்ணன் கேப்டன், வளர்ந்த இடம், கூடவே நல்ல சம்பளம். டிரான்ஸ்ஃபர்ல செலவு பண்ண ஆளே இல்லாததால அத்லெட்டிக் கைல இருக்குற காசை இருக்குற பிளேயர் சம்பளத்துலதான் போட முடியும், அதனால அவங்க அளவுக்கு இருக்குற மத்த கிளப்பை விட தாராளமாவே குடுக்குறாங்க.

இங்கதான் நான் சொல்ல வர்ற விஷயமே இருக்கு. ஊர் அடையாளமா, டாப் பிளேயரான்னு தராசுல ரெண்டு தட்டு மாதிரி பேசுறோம்ல, நடுத்தர கிளப்புக்கு அது ரெண்டு தட்டே இல்ல. காசுல போட்டி போட முடியாதவன் ஒரு பெரிய பிளேயரைப் பிடிச்சு வைக்கணும்னா அவன்கிட்ட இருக்குற ஒரே துருப்புச் சீட்டு அந்த அடையாளம்தான். ஆனா அந்தச் சீட்டு உள்ளயே வளர்ந்தவன்கிட்ட மட்டும்தான் செல்லும், வெளியருந்து வந்த இசாக் கிட்ட "இது நம்ம ஊருப்பா"ன்னு சொன்னா அவர் சிரிச்சுட்டு நியூகாசில் பஸ் ஏறிடுவார். சுபிமெண்டி கூட 2024-ல லிவர்பூல் கூப்பிட்டப்போ போகல, ஊர்லயே இருந்தார், அடுத்த வருஷம்தான் போனார். அதையும் கணக்குல வைங்க, அந்தச் சீட்டுக்கும் காலாவதி தேதி இருக்கு.

மூணாவது வழி, முழுக்க வாங்குறது. இதுக்கு பாரிஸ் கிளப்பான பி.எஸ்.ஜி.யை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2017-ல நெய்மாருக்கு 22.2 கோடி யூரோ, இன்னிக்கு வரைக்கும் அதுதான் உலக ரெக்கார்டு, அப்புறம் எம்பாப்பே, 2021-ல மெஸ்ஸியும் வந்தாச்சு. கிடைச்சது என்ன? ஐரோப்பிய கிளப்புகளோட பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்ல 2020 ஃபைனல் வரைக்கும் போய் ஜெர்மனியோட பேயர்ன் கிட்ட 1-0ன்னு தோத்தாங்க, அந்த ஒரே கோலை தலையால முட்டிப் போட்டது யாருன்னா கிங்ஸ்லி கோமான். பாரிஸ்ல பிறந்து, பி.எஸ்.ஜி. அகாடமியிலயே சின்ன வயசுல இருந்து வளர்ந்து, சான்ஸ் கிடைக்கலன்னு 2014-ல டிரான்ஸ்ஃபர் காசு எதுவும் இல்லாம யுவென்டஸுக்குக் கிளம்பிப் போன பையன். பாரிஸைச் சுத்தி இருக்குற புறநகர்ல உலகத்துலயே அதிகமா நல்ல பிளேயர் முளைக்கிறான், வீட்டுக் கிணத்துல தண்ணி பொங்கி வழியுது, இவங்க லாரி தண்ணி வாங்கிட்டு இருந்தாங்க.

2025-ல எல்லா ஸ்டாரும் போனதுக்கு அப்புறம் இத்தாலியோட இன்டர் மிலானை 5-0ன்னு நசுக்கி சாம்பியன்ஸ் லீக் கோப்பையை எடுத்தாங்க, அஞ்சாவது கோல் 19 வயசு சென்னி மயுலு, அகாடமிப் பையன். உடனே "பாத்தியா, ஸ்டாரை விரட்டினா ஜெயிக்கலாம்"னு ஒரு கதை கிளம்புச்சு. அதை நான் முழுசா நம்பல. டெம்பெலே, டுவே, ஜுவாவோ நெவெஸ், குவாரட்ஸ்கேலியா எல்லாரும் காசு குடுத்து வாங்கினவங்கதான், அதுவும் கொஞ்ச நஞ்ச காசு இல்ல. மாறினது வாங்குற அளவு இல்ல, வாங்குற ஆளு. பேருக்கு வாங்கினதை விட்டுட்டு, ஓடுறவனா சின்ன வயசுக்காரனா பாத்து வாங்கினாங்க.

ரியல் மாட்ரிட்ல ஒரு காலத்துல "சிடான்களும் பவோன்களும்"னு ஒரு திட்டம், அதாவது முன்னாடி உலக ஸ்டார், பின்னாடி அகாடமிப் பசங்க. ஃபிகோ, சிடான், ரொனால்டோ, பெக்கம்னு வருஷத்துக்கு ஒருத்தர். 2002-ல ஐரோப்பாவையே ஜெயிச்சாங்க, பந்து தரையில விழறதுக்கு முன்னாடியே சிடான் அடிச்ச அந்த வாலி ஷாட்டை யாரும் மறக்க மாட்டாங்க, ஆனா அதே மேட்ச்ல மாத்து கீப்பரா இறங்கி கடைசி நேரத்துல வரிசையா பந்தைத் தடுத்தது அகாடமிப் பையன் கசியாஸ். அதுக்கப்புறம் 2003-ல சத்தமே இல்லாம எல்லா வேலையும் பாத்துட்டு இருந்த மகெலெலேவை வித்துட்டு பெக்கமை வாங்கினாங்க, அடுத்த மூணு சீசன் லீக்கும் இல்ல, சாம்பியன்ஸ் லீக்கும் இல்ல. திட்டம் நல்ல திட்டம்தான், ஸ்டாரும் இல்லாம அகாடமியும் இல்லாம நடுவுல நிக்கிற மகெலெலே மாதிரி ஆளுக்கு அதுல இடம் இல்லாமப் போச்சு.

மெக்ஸிகோவுல சிவாஸ் குவாதலஹாரா ஒண்ணு இருக்கு, மெக்ஸிகன் பிளேயர் மட்டும்தான். 12 பட்டம் ஜெயிச்சிருந்தாலும் 2006-க்கு அப்புறம் வந்தது 2017-ல ஒண்ணே ஒண்ணு. 13 கோடி ஜனத்தொகை இருந்தும் அதே பிரச்சினைதான், நல்ல மெக்ஸிகன் பிளேயரை சிவாஸ் கேக்குதுன்னாலே விலை எகிறும். இப்போ அமெரிக்காவுல பிறந்த மெக்ஸிகன் வம்சாவளிப் பசங்க பக்கமும் போறாங்க, வேலி கொஞ்சம் நகருது.

"அந்தக் காலத்துல ஸ்காட்லாந்தோட செல்டிக் 1967-ல கிளாஸ்கோவைச் சுத்தி 30 மைலுக்குள்ள பிறந்த பசங்களை வச்சே ஐரோப்பியக் கோப்பை ஜெயிக்கலையா"ன்னு யாராவது ஒருத்தர் கண்டிப்பா ஆரம்பிப்பாங்க. ஜெயிச்சாங்க, இன்டரை 2-1ன்னு லிஸ்பன்ல அடிச்சாங்க, பெருமைதான். ஆனா அப்போ எதிர் டீம்களும் பெரும்பாலும் உள்நாட்டுக்காரங்களைத்தான் வச்சு ஆடினாங்க. 1995 டிசம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றத்துல போஸ்மன்ங்கிற பிளேயர் வழக்குல தீர்ப்பு வந்து ஐரோப்பிய யூனியன் பிளேயர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு போச்சு, காண்ட்ராக்ட் முடிஞ்சவனுக்கு டிரான்ஸ்ஃபர் காசும் கேக்க முடியாமப் போச்சு, அதோட அந்த உலகம் முடிஞ்சுது. 1999-ல செல்சி ஒரு மேட்ச்ல பிரிட்டிஷ்காரன் ஒருத்தன் கூட இல்லாத பதினோரு பேரை இறக்கிச்சு. 2010-ல அதே இன்டர் ஸ்டார்டிங் லெவன்ல ஒரு இத்தாலியன் கூட இல்லாம ஐரோப்பாவை ஜெயிச்சுது. மிலான்ல யாரும் கோப்பையைத் திருப்பிக் குடுக்கல.

இதுக்குக் கடிவாளம் போடத்தான் ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யுவெஃபா சாம்பியன்ஸ் லீக் லிஸ்ட்ல 25 பேர்ல 8 பேர் உள்நாட்டுல பயிற்சி எடுத்தவனா இருக்கணும், அதுல 4 பேர் அந்த கிளப்லயே வளர்ந்தவனா இருக்கணும்னு வச்சிருக்கு. 15 வயசுல இருந்து 21 வயசுக்குள்ள மூணு வருஷம் அங்க இருந்தா போதும், பாஸ்போர்ட் எந்த நாடுன்னு கேக்காது. ஸ்பெயின்காரர் ஃபாப்ரெகாஸ் இந்தக் கணக்குப்படி ஆர்சனலோட சொந்தப் பையன்.

ஆனா விதி போடுறவங்க ஒரு கையால குடுத்ததை கணக்குப் புத்தகம் இன்னொரு கையால பிடுங்கிடுது, இதை யாரும் சரியா பேசுறதில்லன்னு எனக்கு ஒரு ஆதங்கம். ஒரு கிளப் 10 கோடிக்கு ஒருத்தனை அஞ்சு வருஷக் காண்ட்ராக்ட்ல வாங்குனா, செலவை வருஷத்துக்கு 2 கோடின்னு பிரிச்சு எழுதிக்கலாம். அகாடமியில வளர்ந்தவனுக்குப் புத்தகத்துல வாங்குன விலை பூஜ்யம், அவனை 4 கோடிக்கு வித்தா அந்த 4 கோடியும் இந்த வருஷமே சுத்த லாபம். விதி அனுமதிக்கிற நஷ்ட வரம்பைத் தாண்டுற நிலைமையில இருக்குற கிளப் யாரை விக்கும்? சொந்தப் பையனைத்தான். 2021 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ஹாவர்ட்ஸுக்கு அந்தப் பாஸைக் குடுத்த மேசன் மவுண்ட் ஆறு வயசுல இருந்து செல்சில வளர்ந்தவர், ரெண்டே வருஷத்துல மான்செஸ்டர் யுனைடெட் போயிட்டார், அடுத்த வருஷம் காலகர் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு. அடையாளம்னு நாம கூப்பிடுறதை அக்கவுண்டன்ட் "லாபம்"னு கூப்பிடுறார்.

இன்னொரு விஷயம், ரசிகனுக்கு அடையாளம்னா பிளேயர் பிறந்த ஊருதான்னு நினைக்கிறது பாதி தப்பு. கார்டிஃப் சிட்டியை மக்கள் காலங்காலமா கூப்பிடுறது நீலப்பறவைகள்னு, 2012-ல ஓனர் வின்சென்ட் டான் ஜெர்சியைச் சிவப்பா மாத்தினார், அடுத்த வருஷமே டீம் பிரீமியர் லீக்குக்கு ஏறுச்சு, அப்பவும் ஜனங்க சமாதானம் ஆகல, 2015-ல நீலம் திரும்ப வந்துச்சு. லண்டன்ல இருந்த விம்பிள்டன் ஃபுட்பால் கிளப்பை மில்டன் கீன்ஸ்ங்கிற வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போக 2002-ல அனுமதி குடுத்தாங்க, ரசிகர்கள் அதே வருஷம் புதுசா ஒரு கிளப் ஆரம்பிச்சு ஒன்பதாவது டிவிஷன்ல இருந்து ஏறி 2011-ல நாலாவது டிவிஷனுக்கு, அதாவது ஃபுட்பால் லீக்குக்கே வந்துட்டாங்க. வெளியூர் ஸ்ட்ரைக்கரை ரெண்டு கோல்ல ஏத்துக்குவாங்க, கலரையும் இடத்தையும் தொட்டா மட்டும் விட மாட்டாங்க.

அப்போ ஒரு கிளப் என்னதான் பண்றது? முதல்ல குளத்தோட அளவைப் பாக்கணும். சுத்துவட்டாரத்துல பசங்க நிறைய ஆடுறாங்களா, சின்ன சின்ன கிளப்கள் கூட உறவு இருக்கா, பக்கத்துல அதே பசங்களைத் தூக்குற பெரிய கிளப் இருக்கா. அத்லெட்டிக்கோட பூட்டுன கதவு நூறு வருஷப் பழக்கம், அதைப் பாத்துட்டு இன்னிக்குப் புதுசா ஒரு கிளப் அப்படி விதி எழுதுனா மூணே சீசன்ல கீழ இறங்கிட்டு அஞ்சாவது சீசன்ல விதியையே அழிச்சுடும், அது ரெண்டு மடங்கு அவமானம். முழுக்க வாங்குற வழி, பின்னாடி ஒரு நாட்டுப் பணமே நிக்குதுன்னா தாக்குப் பிடிக்கும், இல்லன்னா நினைச்சுக்கூடப் பாக்காதீங்க. பார்சிலோனாவே 2021-ல சுமார் 135 கோடி யூரோ கடன்னு சொல்லி மெஸ்ஸியை அழ விட்டு அனுப்புச்சு, அப்புறம் வாங்கக் காசில்லாமத்தான் அகாடமிக் கதவைப் பெருசாத் திறந்தாங்க, 15 வயசுல லமீன் யமால் இறங்கினார்.

நான் ஒரு நடுத்தர கிளப்போட மீட்டிங்ல உக்காந்திருந்தா சோசியடாட் வழிக்குத்தான் கை தூக்குவேன், ஆனா ரெண்டு திருத்தத்தோட. ஒண்ணு, விதி எழுதுறதுன்னா பிளேயர் எங்க பிறந்தான்னு எழுத வேண்டாம், ஒரு பொசிஷனுக்கு வெளியாளை வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பொசிஷன்ல ஆடுற அகாடமிப் பையனுக்கு இத்தனை லீக் மேட்ச் குடுத்துப் பாத்திருக்கணும்னு எழுதுங்க. கோமானுக்கு பாரிஸ்ல கிடைக்காதது அதுதான். ரெண்டு, அகாடமியில இருந்து மேல வந்தவனோட சம்பளத்தை வெளியருந்து வந்தவன் சம்பளத்துக்குப் பக்கத்துல கொண்டு வாங்க, "நம்ம பையன்தானே, கம்மியா குடுத்தாலும் இருப்பான்"ங்கிற கணக்கு எல்லா கிளப்லயும் ஓடுது, அந்தப் பையன் கிளம்பிப் போனதும் துரோகின்னு பேனர் பிடிக்கிறதும் அதே ஆளுங்கதான்.

அப்புறம் அந்த லபோர்ட், சிட்டிக்குப் போய் லீக்கா ஜெயிச்சு, சவூதிக்குப் போய் சம்பாதிச்சு, 2025-ல திரும்ப பில்பாவோவுக்கே வந்துட்டார். ஆஜான்ல பிறந்தவர், ஆனா ஊர்க்காரங்க அதை "வீட்டுக்கு வந்துட்டான்"னுதான் சொன்னாங்க.